ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். காய்கறிக் கடையில் உட்கார்ந்து பார்த்தால் அவருக்கும் வரும். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பார்கள், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள், தக்காளியை அமுக்கிப் பார்ப்பார்கள், கடைசியில் நாலு பச்சை மிளகாய் வாங்கிக்கொண்டு போவார்கள். முன்பெல்லாம் உடனே வாயைத் திறந்துவிடுவேன். இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறேன். வாங்க வருகிறவர்களே குறைந்துபோன பிறகு யாரோடு சண்டை போடுவது?

இரணியல் ரோட்டில் எங்கள் கடை. தனிக் கட்டடம் என்று சொல்ல முடியாது. ஓர் அக்காவின் வீட்டு மதிலை ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி ஓர் அறை. அக்காவின் கணவர் இருந்த காலத்தில் கட்டியது. கடைக்குப் பின்னால் முற்றம், முற்றத்தில் ஒரு பலாமரம், அதற்கும் அப்பால் வீடு. பலாவை இங்கே சக்கை என்றுதான் சொல்வோம். அக்கா எனக்கு உறவுக்காரி அல்ல. கடையை எடுத்த அன்று என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டாள், நான் "என்னக்கா" என்று கேட்டேன், அதோடு உறவாகிவிட்டது. விடியும் முன் என் வீட்டுக்காரர் வடசேரிச் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். மீதி நாள் முழுக்க கடை என் பொறுப்பு.

எங்கள் வியாபாரம் கூறு போட்டு விற்பது. அவியலுக்கு ஒரு கூறு என்று கேட்டால் ஒரு துண்டு சேனை, ஒரு கீற்றுத் தடியங்காய், இரண்டு முருங்கைக்காய், வழுதலங்காய், வாழைக்காய், ஒரு பிடி பயற்றங்காய் எல்லாம் சேர்த்துக் குவித்துக் கொடுப்போம். தடியங்காய் என்றால் மேலே சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணி. வழுதலங்காய் என்றால் கத்தரிக்காய்தான். கூறின் அளவை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு நேரம், அவ்வளவுதான் கணக்கு. ஒரு வீடு என்றால் எவ்வளவு பேர் இருப்பார்கள் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது.

அது மாறிப்போனது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. தெருவில் வீடுகள் பெரிதாகிக்கொண்டே வந்தன, உள்ளே ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒருவருடைய மகன் துபாயில், இன்னொருவருடைய மகள் கனடாவில், மற்றவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ. மாடியில் ஏசி போட்ட அறை பூட்டிக் கிடக்கும், கீழே ஒரு கிழவரோ கிழவியோ டிவிக்கு முன்னால் ஓட்ஸ் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். தோசை மாவு பாக்கெட்டில் வர ஆரம்பித்தது. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, வேகவைத்து மீன் குழம்போடு தின்ற வீடுகளில் ரொட்டி பாக்கெட் தொங்கியது. நான் கூறுகளைச் சின்னதாக்கினேன், அதற்குப் பிறகு இன்னும் சின்னதாக்கினேன். அப்படியும் சாயங்காலம் வாடிய காய் மிஞ்சியது.

ரோட்டு வளைவில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்ததும் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டேன். ஒருநாள் வேவு பார்க்கப் போனேன். கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் பாதிப்பேர் என் பழைய வாடிக்கைக்காரர்கள். என்னைக் கண்டதும் பிஸ்கட் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் சக்கைச் சுளைகளை எண்ணி அடுக்கி வைத்திருந்தார்கள். சக்கையைக் காசு கொடுத்து வாங்குகிற ஊராகிவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார்.

"அங்க ஒரு வெங்காயம் எடுத்தாலும் ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாவ. நீ என்ன கேப்ப? 'இவ்வளவுதான் போதுமா, வீட்டுல ஆளில்லியா'ம்ப. பின்ன எவன் வருவான்?"

அன்று அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

ஆட்கள் போனார்கள் என்பது பாதிக் கதைதான். வந்தவர்களும் இருக்கிறார்கள். கடைக்கு எதிர்ச் சந்தில் ஹாலோபிளாக் செய்யும் இடத்தில் ஒடிசாக்காரர்கள் கூட்டமாகத் தங்கி வேலை செய்கிறார்கள். அவர்களுக்குச் சமைக்கிறவர் முப்பது வயதைத் தாண்டியவர், இரண்டு பெண் குழந்தைகளின் படத்தைப் போனில் வைத்திருப்பவர். உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய் என்று சாக்குக் கணக்கில் எடுப்பார். ஒருநாள் கடுகெண்ணெய் கேட்டார். வாங்கி வைத்தேன். அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை, தலையை வலித்தது. "தேங்கா எண்ணெக்குப் பக்கத்துல இத வைக்காதே" என்று என் வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்டோம். ஆனாலும் அந்தப் பாட்டில்கள் நிற்காமல் விற்றன. தெருவிலேயே பெரிய குடும்பம் இப்போது அவர்கள்தான் என்பது என் தராசுக்கு முதலில் தெரிந்துவிட்டது.

உள்ளூர்க்காரர்களில் பழையபடி கை நிறைய வாங்கியது அக்கா ஒருத்திதான். காக்கித் துணியில் தைத்த பெரிய பை ஒன்று வைத்திருப்பாள். கணவரும் மகளும் வீட்டில் இருந்த காலத்துப் பை. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, "அவியலுக்கு ஒரு கூறு, சாம்பாருக்கு ஒரு கூறு, சேனை ஒரு முழுத் துண்டு" என்று சத்தமாகக் கேட்பாள். கணவர் போய்விட்டார், ஒரே மகள் குடும்பத்தோடு மஸ்கட்டில். இவ்வளவையும் என்ன செய்கிறாள் என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பாள் போல என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். நல்ல வாடிக்கையைக் கேள்வி கேட்டுக் கெடுக்க எந்தக் கடைக்காரிக்கு மனம் வரும்?

சென்ற மழைக்காலத்தில், வளைகுடாவில் பள்ளிகளுக்கு லீவு விட்ட சமயம், மகள் மட்டும் வந்தாள். வந்த மறுநாளே கடைக்கு முன்னால் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"சித்தி, எங்க அம்மா உங்க கடையில தினமும் காய் வாங்குகாளா?"

"ஆமா மக்கா. ஏன்?"

"வந்து பிரிட்ஜைப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். அடித்தட்டில் வெள்ளரிக்காய் அழுகித் தண்ணீராகக் கிடந்தது. தடியங்காய்க் கீற்றுகளில் பூஞ்சை. ஸ்டோர் ரூமில் சேனை முளை விட்டு நின்றது. பின்முற்றத்தில் மரத்திலிருந்து தானாக விழுந்து வெடித்த சக்கைகள் ஈ மொய்த்துக் கிடந்தன. அந்த வாடை வீடு முழுக்க இருந்தது. அக்கா அந்த நேரம் குளிக்கப் போயிருந்தாள்.

"போன வாரம் வாங்குனது இருக்கும்போதே திரும்பவும் அதையே வாங்கியிருக்கா. இது மறதி நோய் சித்தி. அங்க என் கூட வேல பாக்க ஒருத்தருக்க அம்மைக்கும் இப்படித்தான் தொடங்கிச்சு. இனி இவளத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் போறது?" அவள் பிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். "நாகர்கோவில்ல ஒரு ஹோம் விசாரிச்சு வச்சிருக்கேன். வீட்டையும் குடுத்துரலாம்னு இருக்கோம். லீவு முடியதுக்குள்ள முடிவு எடுக்கணும். கடையும் சேந்துதான போகும். உங்ககிட்ட முன்கூட்டியே சொல்லணும்லா."

 அதைக் கேட்டதும் நான் முதலில் நினைத்தது கடையைத்தான், அக்காவை அல்ல. இந்த வயதில் வேறு எங்கே போய் தட்டுத் தராசையும் கூடைகளையும் வைப்பது? எங்கள் இரண்டு பேருக்கும் வேறு தொழில் தெரியாது. அக்கா அந்த வீட்டில் இருந்தால் கடை இருக்கும், அக்கா போனால் கடையும் போகும். ஆனால் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது? அவளுடைய அம்மா, அவளுடைய பயம். அந்தச் சேனையை எடை போட்டுக் கொடுத்ததும் என் கைதான்.

மகள் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் நேரே அக்காவின் அடுக்களைக்குப் போனேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"அக்கா, உங்களுக்கு மறதி உண்டா?"

"ஆரு சொன்னா? போன வாரம் நீ தந்த முருங்கக்காயில ஒண்ணு முத்தலு. நல்ல ஞாபகம் இருக்கு, போதுமா?"

"பின்ன என்னத்துக்கு இந்தப் பாடு? தின்ன ஆளில்லாம ஒரு வீட்டுக்கு வேண்டியத எதுக்கு வாங்குகியோ?"

அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. பிறகு திரும்பாமலே பேசினாள்.

"உன் கடையில நாலு பேரு நிக்கச்சில, 'ரெண்டு வழுதலங்கா தா'ன்னு கேக்க எனக்கு நாக்கு வரல்லட்டி. வீட்டுல ஆருமில்ல, நான் ஒத்தைக்குக் கெடக்கேன்னு நானே ஊரக் கூட்டிச் சொல்லணுமா? பைய நெறச்சுக் கொண்டு வந்தா வீடும் நெறஞ்சு கெடக்க மாதிரி ஒரு இது."

"மோளுகிட்ட இதச் சொல்லலாம்லா."

"சொன்னா என்னம்பா தெரியுமா? 'தனியா இருக்கது உனக்குக் கஷ்டம்னு நீயே சொல்லிட்ட'ம்பா. அப்பமே பெட்டியக் கெட்டுவா. எனக்குக் கஷ்டம் ஒண்ணுமில்ல. வெக்கம். அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுவது அபூர்வம் என்பதால் அக்காவே பயந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

அன்று முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை சேனை, தடியங்காய், முருங்கைக்காய் எல்லாவற்றையும் நறுக்கி, ஓர் ஆள் ஒரு நேரம் தின்கிற அளவுக்குப் பாக்கெட் போட்டேன். மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் 'ஓராளுக்கு அவியல்' என்று எழுதி, பார்த்ததும் தெரிகிற மாதிரி முன் கம்பியில் தொங்கவிட்டேன். சூப்பர் மார்க்கெட்டுக்கே பாடம் எடுக்கிற பெருமை எனக்கு.

ஓய்வுபெற்ற பேங்க் சார் வந்தார். மனைவி இறந்து, மகன் கனடாவில் இருக்கிற மனிதர். ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்தார், எழுத்தைப் படித்தார், திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். பாக்கெட்டை இருந்த இடத்திலேயே தொங்கவிட்டார். "எனக்கு ரெண்டு கூறு போடுங்க" என்றார், யாரோ அதட்டிக் கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் பாக்கெட்டைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குள் நறுக்கிய வழுதலங்காய் கறுத்துவிட்டது.

சாயங்காலம் அக்கா வந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே தேவையில்லை, அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தேன்.

"இத எனக்காகத்தானாட்டி தொங்க விட்டிருக்க?"

"எல்லாருக்கும்தான் அக்கா."

"எடுத்துட்டுப் போறவனுக்க நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டி விடு. ஊரு முழுக்கத் தெரியட்டும்."

அன்று அவள் ஒன்றும் வாங்கவில்லை. அந்தப் பாக்கெட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய் நாங்கள் இருவரும் நாள் கணக்கில் அவியல் தின்றோம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நேரமும், "இது எந்த ஆளுக்க அவியல்?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். கரண்டியை அவர் மேல் எறியாதது என் பொறுமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. கடையில் பேங்க் சாரும் தெருக்காரப் பெண்கள் சிலரும் நின்றார்கள். உருளைக்கிழங்கு எடுக்க வந்த ஒடிசாச் சமையல்காரர், கடைக்குப் பின்னால் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அக்கா, அந்தக் காய் யாரோடது? எங்க ஊர்ல குழம்பு வைப்போம். கறி மாதிரி இருக்கும்."

"மரத்துக்காரி அங்க நிக்கா, அவகிட்டக் கேளுங்க" என்றேன்.

அக்கா முற்றத்தில் விழுந்த சக்கையை மண்வெட்டியால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மரத்தையே வெட்டிவிடலாம் என்று காலையில்தான் மகள் சொல்லியிருந்தாள், அந்தக் கடுப்பு முகத்தில் இருந்தது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏறத் தெரியுமா ஒனக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே இடுப்பில் இருந்த சாரத்தை மடித்துக் கட்டினார். கயிறும் அரிவாளும் எடுத்துக்கொண்டு ஏறி, பச்சைச் சக்கைகளைப் பறித்து இறக்கினார். உச்சியில் பழுத்து நின்ற ஒன்றையும் கயிற்றில் கட்டிப் பைய இறக்கினார். அம்மாடி, ஒரு ஆள் தூக்க முடியாத பழம். மணம் ரோடு வரைக்கும் வந்தது. அவருக்கு வேண்டியது பச்சைக் காய்கள் மட்டும்தான். பழத்தைப் பார்த்தபடி அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். இதுவும் அழுகத்தான் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, கடைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள்.

"சக்க வெட்டுகோம். பங்குக்கு ஆரெல்லாம்?"

பங்கு என்பது மீன் விஷயத்தில் எங்களுக்கு உள்ள வழக்கம். கடற்கரையிலிருந்து மீன்காரி ஒரு பெரிய நெய்மீனைக் கொண்டு வந்தால் தனி வீட்டுக்குக் கட்டாது. சில வீடுகள் சேர்ந்து எடுத்து, அங்கேயே வெட்டிப் பங்கு வைப்பார்கள். தலை யாருக்கு என்று சண்டை நடக்கும், ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நிறைந்த வீடானாலும் சரி, ஒருத்தி மட்டும் இருக்கிற வீடானாலும் சரி, ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு. வாங்குகிறவருக்கு அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பேங்க் சார்தான் முதலில் போனார். "எனக்கு ஒரு பங்கு உண்டு" என்றார். பெண்களும் போனார்கள். கடையைத் திறந்து போட்டுவிட்டு நானும் போனேன். சக்கைப் பாலில் கை ஒட்டாமலிருக்க எண்ணெய் வேண்டும். நான் தேங்காய் எண்ணெய் எடுக்கத் திரும்புவதற்குள் ஒடிசாக்காரர் தன் கடுகெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து அக்காவின் உள்ளங்கையில் ஊற்றிவிட்டார். அக்கா முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் தேய்த்துக்கொண்டாள். வாழையிலை விரித்து, பலகையில் உட்கார்ந்து, பழத்தைப் பிளந்து, சுளையையும் கொட்டையையும் ஒரே அளவாகப் பிரித்தாள்.

"சாரே, இது நல்ல வரிக்க, சுள கெட்டியாக்கும். உங்க வீட்டுக்காரி இருந்தப்ப அவளுக்கு வரிக்கதான் இஷ்டம், கொழகொழன்னு இருக்க கூழன் பழத்தத் தொட்டதில்ல. ஏட்டி, உன் மோன் சின்னதுல இந்த மரத்துச் சக்கக் கொட்டைய ஒடச்சு மூக்குல திணிச்சுட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனது நெனவிருக்கா? அன்னைக்கும் இப்படித்தான் மழ."

சத்தம் கேட்டு மகள் வெளியே வந்து வாசற்படியில் நின்றிருந்தாள். என் மகன் மூக்கில் கொட்டை போன கதையை நானே மறந்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒடிசாக்காரருக்கு அக்கா இரண்டு பங்கு ஒதுக்கினாள். "ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஆளுக்கு ஒரு வீட்ட விட்டுட்டு வந்து ஒரு கூரைக்குக் கீழ கெடக்கானுவ. ஒண்ணு போதுமா அவனுவளுக்கு?" என்றாள் அக்கா.

மறுநாள் நான் பாக்கெட் போடவில்லை. ஒன்றும் எழுதவும் இல்லை. ஒரு முழுச் சேனையையும் ஒரு பெரிய தடியங்காயையும் முன்னால் வைத்துவிட்டு, ஆட்கள் வருகிற நேரம் பார்த்து, "வெட்டப் போறேன், பங்குக்கு ஆருண்டு?" என்று குரல் கொடுத்தேன். ஒவ்வொரு பங்கும் முன்பு பாக்கெட்டில் போட்ட அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். பேங்க் சார் ஒரு பங்கு எடுத்தார். பிஸ்கட் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தவர்களில் ஒருத்தி ஒரு பங்கு எடுத்தாள். மிஞ்சுகிற பெரிய துண்டை ஒடிசாக்காரர் தங்கள் பானைக்கு எடுத்துக்கொண்டார். அதனால் வெட்டிய எதுவும் வாடவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் காலை வேளையில் கடைக்கு முன்னால் கூட்டம் கூடியது. பங்கு வெட்டும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டுமே, அதற்காகக் காத்து நிற்பார்கள், நிற்கும்போது பேசுவார்கள். யாருக்குக் கால்வலி, யார் வீட்டுக்கு மகன் வரப்போகிறான் என்பதெல்லாம் நான் வாயைத் திறக்காமலே தெரிந்தது. ஒருவர் வராவிட்டால் அவருடைய பங்கை யாராவது வீட்டில் கொண்டு கொடுத்தார்கள். சூப்பர் மார்க்கெட்டுக்கும் போனார்கள். அரிசி, சோப்பு, தோசை மாவு அங்கே வாங்கட்டும், எனக்கு அதில் இப்போது கோபமில்லை. அக்காவுக்கும் ஒரு பங்கு போகும். அதுபோக அந்தக் காக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பழையபடி கூறும் கேட்பாள். அவளால் அதை மட்டும் விட முடியவில்லை. மகள் வாசலில் நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. லீவு முடிந்துகொண்டே வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. "கேட்டுப் பாரேன்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். கேட்டு, விற்கிறோம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காமல் இருக்கும்வரை கடை என்னுடையது.

அவள் மஸ்கட்டுக்குத் திரும்புகிற நாள் காலையில் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போக வந்த கார் கடைக்கு முன்னால் நின்றது. பெட்டிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பங்கு வெட்டுகிற நேரம் என்பதால் எல்லோரும் இருந்தார்கள், பேங்க் சார், தெருப் பெண்கள், ஒடிசாக்காரர். அக்கா காக்கிப் பையைத் தோளில் மாட்டியபடி வந்து நின்றாள். மகள் என்னிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திப் பேச முயன்றாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"சித்தி, நான் நாகர்கோவில் ஹோமுக்கு இன்னும் பதில் சொல்லல்ல. அம்மாவுக்கு மறதி இல்லன்னு எனக்கும் தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் போன பொறவு அந்தப் பிரிட்ஜ் திரும்பவும் அழுகி நெறஞ்சிதுன்னா? அது என்னன்னு எனக்குப் புரியல்ல. புரியாம நான் எப்படி விட்டுட்டுப் போவேன்?"

எனக்குப் புரியும். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது என்னுடைய வார்த்தை இல்லை. அக்காவைப் பார்த்தேன். அவள் தோளில் இருந்த பையின் வாரைப் பிடித்துக்கொண்டு காய்க் கூடைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி" என்றாள். "எனக்கு ரெண்டு வழுதலங்கா தா."

என் கை பழக்கத்தில் கூறை அள்ளப் போனது.

"ரெண்டுதான். நான் ஒத்தைக்குத்தான இருக்கேன். எனக்கு அது போதும்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கும் கேட்டிருக்கும். நான் கூடையிலிருந்து நல்லதாக இரண்டு பொறுக்கினேன். பேங்க் சார் தொண்டையைச் செருமினார். "எனக்கும் ரெண்டு எடுத்து வைங்க" என்றார். இந்தத் தடவை அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

மகள் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். அம்மாவின் தோளிலிருந்து காக்கிப் பையைக் கழற்றினாள். காரின் பானட்டில் வைத்து நன்றாக மடித்து, தன் கைப்பைக்குள் திணித்தாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும் அம்மா. அடுத்த லீவுக்கு வரச்சில கொண்டு வாறேன். நாங்க எல்லாரும் வந்தா நெறய வாங்கணும்லா." பிறகு என்னைப் பார்த்தாள். "அதுவரைக்கும் கடை இங்கதான இருக்கும் சித்தி?"

தலையை ஆட்டினேன்.

கார் வளைவு திரும்பும்வரை அக்கா ரோட்டோரம் நின்றாள். பிறகு இரண்டு வழுதலங்காயையும் என் கையிலிருந்து வாங்கி முந்தானையில் போட்டு முடிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள்.